இக்கரையில் நிற்கிறார்

குணேஸ்வரி மீன் வாங்குவதைப் பார்த்தாலே அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துவிடும். பாரையின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். கண்ணைப் பார்ப்பாள். வயிற்றை விரலால் அமத்திப் பார்ப்பாள். எல்லாம் சரியென்றால்தான் தராசில் போடச் சொல்லுவாள். "என்ன தங்கச்சி, மீன் சோதின பாஸ் பண்ணிட்டுதோ?" என்று வியாபாரி கேட்டால் சிரிக்கவும் மாட்டாள்.

இந்தக் குணம் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் ஊர் குலைந்த நாட்களில், அவளுடைய தகப்பன் இராசையா, "பின்னேரம் வந்திடுவன் பிள்ள" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர். அந்தப் பின்னேரம் இன்றுவரை வரவில்லை. அதற்குப் பிறகு யார் "வாறன்" என்று சொன்னாலும் அவளுடைய நெஞ்சு அந்தச் சொல்லை வாங்க மறுத்தது. சொல்லுகிறவருடைய முகத்தை அவள் பார்ப்பதில்லை. வாசலில் கிடக்கும் செருப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கணினி நல்ல துணையாக அமைந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் உறவுக்காரர் வீட்டில் நின்று படித்தாள். மனிதர் சொல்வதை நம்பவேண்டும், கணினி சொல்வதைச் சோதித்துப் பார்க்கலாம் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல். ஊரான திருகோணமலைக்குத் திரும்பி, உட்துறைமுக வீதியில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்த சின்னக் கணினி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே அவளோடு வேலை செய்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த அன்ஸார். வயதில் மூத்தவர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய் ஓயாதவர். அவரை அவள் 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடுவாள்.

இரண்டு பேருக்கும் தினமும் ஒரே சண்டைதான். குணேஸ்வரி தான் எழுதும் நிரலின் ஒவ்வொரு சின்னத் துண்டையும் தனியாகச் சோதிப்பாள். பெயரை வாங்கும் துண்டு பெயரைச் சரியாக வாங்குகிறதா, திகதியைப் பதியும் துண்டு சரியாகப் பதிகிறதா என்று பார்ப்பாள். அலகுச் சோதனை என்பது அதன் பெயர். பிழையில்லையென்றால் திரையில் பச்சைப் புள்ளி விழும். அன்ஸாருக்கு அது போதாது. பாவிக்கப்போகிற ஆள் எப்படிப் பாவிப்பாரோ அப்படியே தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பார். அது ஏற்புச் சோதனை.

"தங்கச்சி, சட்டையில கை சரி, கொலர் சரி, பொத்தானும் சரி. எல்லாத்துக்கும் நீங்க பச்சப் புள்ளி போட்டிட்டீங்க. உடுத்திப் பார்த்தாத்தானே தெரியும், ரெண்டு கையையும் ஒரே பக்கத்தில தச்சிரிக்கெண்டு."

"கையைச் சரியாத் தைக்கத் தெரிஞ்ச ஆளுக்கு அத எந்தப் பக்கம் வைக்கிறதெண்டும் தெரியும், நானா."

"அதுக்குத்தான் செல்லுறன், உங்களிட்டச் சட்ட தைக்கக் குடுக்கமாட்டன்."

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பிறந்தபோது, குடாவுக்கு அப்பால் இருந்த மூதூருக்கு லோஞ்ச் என்ற இயந்திரப் படகு ஓட்டிய ஒரு சங்கம் அவர்களிடம் வேலை கொடுத்தது. யுத்த நிறுத்தம் என்ற சொல் பத்திரிகையில் மட்டும் இருந்த காலம் அது. யார் எங்கே போகிறார், எப்போது திரும்புகிறார் என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கத்து முகாமையாளர் கனகசுந்தரம் கேட்டது இதுதான்: ஒரு பயணியின் பெயரைச் சொன்னால், அவர் இந்த நேரம் திருகோணமலைப் பக்கம் நிற்கிறாரா, மூதூர்ப் பக்கம் நிற்கிறாரா என்று கணினி சொல்லவேண்டும். துறைமுகப் பாதுகாப்புக்காரர் கேட்பார்கள். நிரலை ஏற்றுக்கொண்ட அடுத்த மாதம் முதல் அந்த விபரம் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குப் போகும்.

"தமிழில இருக்கவேணும், பிள்ள. சனத்துக்குப் பழகின சொல்லாப் போடுங்கோ" என்றார் கனகசுந்தரம்.

குணேஸ்வரி போட்டாள். ஒருவர் லோஞ்சில் ஏறும்போது அமத்த ஒரு பொத்தான், 'அக்கரைக்குப் போகிறார்'. இறங்கும்போது அமத்த இன்னொன்று, 'இக்கரையில் இறங்கினார்'. எதிர்ப்பக்கத்துக்கு 'இக்கரைக்குப் போகிறார்', 'அக்கரையில் இறங்கினார்' என்று இரண்டு. இரண்டு இறங்குதுறையிலும் ஒவ்வொரு கணினி, ஒவ்வொன்றிலும் நாலு பொத்தானும். மூதூர்ப் பதிவு ஒவ்வொரு நாளும் கடைசி லோஞ்சில் ஒரு பென் டிரைவில் வந்துசேரும்.

"ஒருக்கா டிக்கெட் எடுத்து, போய் இறங்கி, திரும்பி வந்து பார்ப்பம்" என்று அன்ஸார் நச்சரித்தார்.

"எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது நானா. எல்லாம் பச்சையாத்தானே கிடக்கு."

அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அவளுடைய புருஷன் ஒவ்வொரு கிழமையும் அந்தக் கடலைக் கடந்தான். அருளம்பலம் மூதூரை அடுத்த கட்டைபறிச்சான் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தான். திங்கட்கிழமை விடிய உவர்மலை வீட்டிலிருந்து புறப்பட்டால், மூதூரில் இறங்கி, பள்ளிக்கூடத்துக்கு அருகே ஓர் அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு முட்டி எருமைத் தயிரோடு திரும்புவான். அதிகம் கதைக்காத மனிதன். போகும்போது "வாறன்" என்று மட்டும் சொல்லுவான். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் குணேஸ்வரி வேறு பக்கம் பார்ப்பாள்.

இரண்டு துறையிலும் சில கிழமை பதிந்து பார்த்த பிறகு, நிரலைக் காட்டுவதற்குக் கனகசுந்தரத்தை ஒரு புதன்கிழமை வரச்சொன்னார்கள். அன்றைக்கு அன்ஸார் பிள்ளைக்குக் காய்ச்சலென்று வரவில்லை. கனகசுந்தரம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ட பேர அடியுங்கோ பார்ப்பம். நான் போன கிழம மூதூர் போய் வந்தனான்."

அடித்தாள். 'இக்கரையில் நிற்கிறார்' என்று திரை சொன்னது.

"சரிதான். இன்னொரு ஆள்?" அவர் யோசித்தார். "மாஸ்டரின்ட பேரப் போடுங்கோவன். அவர் அக்கரையிலதானே நிப்பார்."

குணேஸ்வரி புருஷனுடைய பெயரை அடித்தாள். அடித்தபோது மனதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. திரை மினுங்கியது.

'அருளம்பலம்: இக்கரையில் நிற்கிறார்.'

கனகசுந்தரம் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மெல்லிய சிரிப்பு ஒன்று ஒளிந்திருந்ததோ என்று அவளுக்குப் பட்டது.

"என்ன, மாஸ்டர் டவுனிலயோ நிக்கிறார்?"

அந்த ஒரு கணத்தில் அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. நிரல் பிழை என்று சொல்லலாம். அல்லது புருஷன் பிழை என்று சொல்லலாம். நிரலை அவள் தன் கையால் துண்டு துண்டாகச் சோதித்திருந்தாள். புருஷனை அப்படிச் சோதித்ததில்லை.

"ஓம் ஐயா, சுகமில்லையெண்டு வந்திட்டார். வீட்டில படுத்திருக்கிறார்" என்றாள்.

குரல் நடுங்காமல் வந்த அந்தப் பொய்யைக் கேட்டு அவளே திகைத்தாள். கனகசுந்தரம் தலையை ஆட்டினார். "அப்ப மெசின் சொல்லுறது சரி. நான் ஏற்றுக்கொள்ளுறன்" என்று கையெழுத்தையும் வைத்துவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கியதும் அவள் புருஷனுடைய பழைய பதிவுகளைத் திறந்தாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரே கதை. அக்கரைக்குப் போகிறார், அன்றைக்கே இக்கரையில் இறங்கினார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படியே, அக்கரைக்குப் போகிறார், இக்கரையில் இறங்கினார்.

சந்தேகம் வந்த மனதுக்குக் கதை கட்ட யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஏறுவதுபோல ஏறிப் பெயரைப் பதிந்துவிட்டு, லோஞ்ச் வெளிக்கிட முன்னம் இறங்கிவிடுகிறார். கிழமை முழுவதும் டவுனில் யாரோ ஒருத்தியின் வீட்டில் நிற்கிறார். வெள்ளிக்கிழமை ஒப்புக்கு ஒரு தடவை போய்வந்து, தயிர் முட்டியோடு வாசலில் நிற்கிறார். அந்தத் தயிரை டவுனிலும் வாங்கலாம்தானே.

அந்த வெள்ளிக்கிழமை அருளம்பலம் வந்தபோது அவள் முட்டியை வாங்கிக்கொண்டு அவனுடைய சேட்டுக் கொலரை மோந்து பார்த்தாள். வேறு சவுக்கார மணம்.

"இதென்ன சவுக்காரம்?"

"அங்க கடையில இதுதான் கிடக்கு."

"கடல் எப்பிடி?"

"கொஞ்சம் அடிச்சது."

"லோஞ்சில உங்களுக்குப் பக்கத்தில ஆர் இருந்தது?"

"ஒரு கிழவர், கோழிக் கூடையோட. ஏன், கோழி வேணுமோ?"

"உங்கட அறைக்கு முன்னால என்ன மரம்?"

அவன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினான். "வேம்பு. என்ன குணேசு, இண்டைக்குப் பொலிஸ் விசாரணையோ?"

எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் வந்தது. நிரலின் துண்டுகள் சரியென்றபோது அவள் முழு நிரலையும் நம்பினாள். புருஷனின் பதில்கள் சரியென்றபோதோ, நன்றாகப் பாடமாக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். அந்தச் சனி, ஞாயிறு முழுவதும் அவனுடைய ஒவ்வொரு அசைவுக்கும் இரண்டாவது அர்த்தம் ஒன்றைத் தேடினாள். அவன் பாட்டு முணுமுணுத்தால் அந்த யாரோ ஒருத்திக்காக. மௌனமாக இருந்தால் அவளை நினைத்து. அந்த 'அவளு'க்கு அதற்குள் ஒரு முகமும் வந்துவிட்டது, டவுனுக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ரியூஷன் கொடுக்கும் ஒரு ரீச்சரின் முகம். அந்த ரீச்சரோடு அருளம்பலம் ஒரு கலியாண வீட்டில் கதைத்ததைக் குணேஸ்வரி கண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவன் "வாறன்" என்றான். அவள் செருப்பைப் பார்த்தாள். அது கடலின் பக்கம்தான் திரும்பியிருந்தது. செருப்பும் பொய் சொல்லுகிறது என்று நினைத்தாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போனதும் அன்ஸாரிடம், "நானா, நீங்கள் கேட்ட அந்தச் சோதனையை நான் இண்டைக்குச் செய்யிறன். மூதூர் போய் வாறன்" என்றாள்.

அன்ஸார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடலக் கண்டாத் தல சுத்துதெண்ட ஆள். கனகசுந்தரம் ஐயா ஏற்றுக்கொண்ட பிறகு ஏன் இந்தச் சோதன?"

"நீங்கள்தானே கேட்டனீங்கள்."

"நான் கேட்டது நிரலச் சோதிக்க. உங்கட முகத்தப் பார்த்தா வேற ஆரையோ சோதிக்கப் போற மாதிரி இரிக்கு."

அவள் கைப்பையை எடுத்தாள்.

இறங்குதுறையில் டிக்கெட் எடுத்தாள். பையைத் திறந்து காட்டினாள். பதிவு செய்தவர் அவளுடைய பெயரை அடித்து, 'அக்கரைக்குப் போகிறார்' என்று அமத்தியதை நின்று பார்த்தாள். லோஞ்ச் குடாவுக்குள் நுழைந்ததும் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் கடற்படைப் படகொன்று அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்பதுபோல நின்றது. பக்கத்தில் இருந்த பெண், குமட்டல் அடங்கும் என்று தேசிக்காய் ஒன்றை நீட்டினாள். குணேஸ்வரி அதை மோந்துகொண்டே மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போவேன். அருளம்பலம் மாஸ்டர் எங்கே என்று கேட்பேன். அவர் இந்தக் கிழமை வரவில்லை என்பார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வேன்? அந்த இடத்தில் ஒத்திகை ஒவ்வொரு முறையும் அறுந்துபோனது.

மூதூர் இறங்குதுறையில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் கணினி இருந்தது. அதற்கு முன்னால் லைலா என்ற பெண் இருந்தாள். அந்த ஊர்க்காரி. முக்காட்டை ஒரு கையால் சரிசெய்தபடி மறு கையால் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பேரச் செல்லுங்க."

"குணேஸ்வரி."

லைலா அடித்தாள். சுட்டி நகர்ந்து ஒரு பொத்தானில் நின்றது. 'இக்கரையில் இறங்கினார்.' அமத்திவிட்டு, "அடுத்த ஆள்" என்றாள்.

குணேஸ்வரி நகரவில்லை. "தங்கச்சி, ஏன் இக்கரை எண்டு அமத்தினீங்கள்?"

"வேற என்னத்த அமத்துற? இஞ்சதானே வந்து இறங்கியிரிக்கிறீங்க."

"அப்ப அக்கரை எண்டால்?"

லைலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுட்டுவிரலை நீட்டித் தண்ணீருக்கு அப்பால் காட்டினாள். அங்கே திருகோணமலையின் குன்றுகள் நீலமாகத் தெரிந்தன. "அந்தா, அதுதான் அக்கர. கடலில சூடு பிடிச்சிட்டுதா உங்களுக்கு? இதில குந்துங்க, தண்ணி தாறன்."

குணேஸ்வரி குந்தினாள். திருகோணமலையில் இருந்துகொண்டு அவள் அந்தச் சொல்லை எழுதினாள். எழுதும்போது தான் நிற்கும் கரைதான் எல்லாருக்கும் இக்கரை என்று நினைத்துவிட்டாள். இந்தக் கொட்டிலில் இருக்கிறவளுக்குத் தன் காலடியில் உள்ள மண்தான் இக்கரை. ஒவ்வொரு துண்டும் சரி. லைலாவும் சரி. ஆனால் மூதூரில் வந்து இறங்குகிற ஒவ்வொரு மனிதனையும் அவளுடைய நிரல் திருகோணமலையில் இறக்கிவிட்டிருக்கிறது. பதிவு எந்தத் துறையிலிருந்து வந்தது என்று பார்க்கிற துண்டு ஒன்றை அவள் எழுதவேயில்லை. புருஷனுடைய பெயரோடு இன்னும் நாலு பெயரை அடித்துப் பார்த்திருந்தால் போதும். அக்கரையில் ஒரு சனமும் இல்லை என்று திரை சொல்லியிருக்கும். அவள் ஒரு பெயரை மட்டுமே தேடினாள்.

"ஆர வீட்ட போறீங்க?" லைலா தண்ணீரை நீட்டினாள்.

"அருளம்பலம் மாஸ்டரின்ட ஆள் நான்."

"மாஸ்டரின்டயா? வெள்ளிக்கிழமயில ஆகலும் முந்தி இந்த வாங்கில வந்து இருக்கிற ஆள் அவர்தான். தயிர் முட்டிய மடியில வச்சுக்கொண்டு. லோஞ்ச் பிந்தினா என்னோட சண்ட."

குணேஸ்வரி தண்ணீரை அந்த வாங்கில் வைத்தாள்.

அவள் அப்படியே அடுத்த லோஞ்சில் திரும்பியிருக்கலாம். அருளம்பலத்துக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் கால் கேட்கவில்லை. ஓட்டோ பிடித்து, வழியில் இராணுவச் சென்றியில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி, பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள்.

அருளம்பலம் வகுப்பிலிருந்து வெளியே பார்த்தான். கையிலிருந்த வெண்கட்டி விழுந்தது. முகத்தில் இரத்தம் இல்லை. அந்த நாட்களில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஆள் வந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஆருக்கு? அம்மாவுக்கோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல. சோதனைக்கு வந்தனான்."

"என்ன சோதன?"

அவள் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. பக்கத்திலிருந்த அவனுடைய அறைக்கு முன்னால், வேம்பின் கீழே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். உண்மையாகவே அங்கே ஒரு வேம்பு நின்றது. பள்ளிக்கூட யன்னலெல்லாம் பிள்ளைகளின் தலைகள்.

"என்ட வாய் சொன்னத நம்பேல்ல. மெசின் சொன்னத நம்பினனீ" என்றான் கடைசியில். கோபம்கூட இல்லாத அந்தக் குரல்தான் அவளை வெட்டியது. பிறகு ஏதோ நினைத்தவன்போல, "கனகசுந்தரம் ஐயாவிட்ட என்ன சொன்னனீ?" என்று கேட்டான்.

"சுகமில்லாமல் வீட்டில படுத்திருக்கிறீங்கள் எண்டு."

"அவர் ஏற்றுக்கொண்டிட்டாரோ?"

"ஓம்."

அவன் வேம்பில் கையை ஊன்றினான். "குணேசு, நான் ஒவ்வொரு நாளும் இந்தச் சென்றியால போய் வாறன். என்ட பேர் அவங்களிட்ட இருக்கு. அடுத்த மாசம் உன்ட மெசின் அங்க சொல்லும், இந்த ஆள் திருகோணமலையில நிண்டவர் எண்டு. ரெண்டையும் ஒருத்தன் ஒண்டா வச்சுப் பார்த்தால், ஒரே நேரத்தில ரெண்டு கரையிலயும் நிக்கிற நான் ஆர்? என்ன செய்யிறவன்?"

அவளுக்குத் தகப்பனின் சைக்கிள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவரைப் பற்றி யார் எங்கே என்ன பதிந்து வைத்திருந்தார்களோ.

கடைசி லோஞ்சில் திரும்பியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கனகசுந்தரத்திடம் போனாள். "ஐயா, உங்கட கையெழுத்தத் திருப்பி எடுங்கோ. நிரல் பிழை. அண்டைக்கு நான் சொன்னதும் பொய். அவர் மூதூரிலதான் நிண்டவர்" என்றாள்.

கனகசுந்தரம் தான் கையெழுத்து வைத்த தாளை எடுத்து விரித்தார். "அப்ப நீர் மாஸ்டர நம்பேல்ல, அதால நான் மெசின நம்பினனான்" என்றார். கையெழுத்தை வெட்டினார். அதற்குப் பிறகு அவர் அவளைப் 'பிள்ளை' என்று கூப்பிடவில்லை.

பொத்தான்களில் அக்கரையும் இக்கரையும் போய் மூதூர், திருகோணமலை என்ற பெயர்கள் வந்தன. அவளுடைய பச்சைப் புள்ளிகள் அப்படியே இருந்தன. அவற்றுக்கு மேலே, ஒரு பயணி ஏறி, இறங்கி, தங்கி, திரும்பும் முழுப் பயணத்தையும் ஓட்டிப் பார்க்கும் சோதனை ஒன்றை அன்ஸார் சேர்த்தார். இரண்டும் சரியென்றால்தான் வேலை வெளியே போகும் என்று அவர்களுக்குள் முடிவாயிற்று. "சட்டய உடுத்திப் பார்த்தாச்சு" என்றார் அன்ஸார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாய் ஓயாத மனிதர் கேட்காமல் விட்டதே அவளுக்குச் சுட்டது.

வீட்டில் ஒன்றும் உடையவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அருளம்பலம் தயிர் முட்டியை வைத்த கையோடு, சேட்டுப் பையிலிருந்து லோஞ்ச் டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தான். அடுத்த வெள்ளியும் வைத்தான். அதற்கடுத்த வெள்ளியும் வைத்தான். அவள் பார்க்காமலே கிழித்துப் போடுவாள். இப்போது சந்தேகம் அவனுடையது. நான் சொன்னால் இவள் நம்புவாளா என்ற சந்தேகம். அதைத் தீர்க்க அவளிடம் ஒரு சோதனையும் இல்லை.

அந்த வருடம் ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மூதூரில் சண்டை வெடித்தது. லோஞ்ச் நின்றது. சனம் கணினி நிலையத்துப் படியெல்லாம் நிறைந்து, தங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டது. குணேஸ்வரி ஒவ்வொரு பெயராக அடித்தாள். மூதூரில் நிற்கிறார். மூதூரில் நிற்கிறார். கடைசியில் புருஷனுடைய பெயரையும் அடித்தாள். 'மூதூரில் நிற்கிறார்.' இந்த முறை நிரல் சரி என்று அவளுக்குத் தெரியும். பிழையாக இருக்கக்கூடாதா என்று உலகத்துக் கோவிலையெல்லாம் வேண்டினாள்.

தொலைபேசி அழைப்பு ஒரே ஒரு தடவை வந்தது. இரைச்சலுக்கு நடுவே அவனுடைய குரல். "றோட்டால நடக்கிறம். எப்ப எண்டு தெரியாது. வாறன்."

தொடர்பு அறுந்தது. வாறன். அவளுடைய நெஞ்சு எத்தனையோ வருடமாக வாங்க மறுத்த அதே சொல். அவள் கணினி நிலையத்துக்குப் போவதை நிறுத்தினாள். திரையில் என்ன இருக்கிறதென்று பார்க்க அன்ஸார் கூப்பிட்டபோதும் போகவில்லை. "அவர் வாறன் எண்டு சொன்னவர், நானா" என்று மட்டும் சொன்னாள். ஒவ்வொரு நாளும் இரண்டு பேருக்கு அளவாக அரிசி போட்டாள்.

சனம் நடந்து போய்ச் சேர்ந்த கந்தளாய்ப் பக்கமிருந்து ஒரு நாள் வந்த லொறியில் அவன் வந்து இறங்கினான். தாடி வளர்ந்திருந்தது. காலில் யாருடையதோ சோடி சேராத செருப்புகள். வாசலில் நின்று, பழக்கத்தில் சேட்டுப் பைக்குள் கையை விட்டான். வெறுங்கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டினான்.

"இந்த முற டிக்கெட் இல்ல, குணேசு."

"கேட்டனானோ?" என்றாள் அவள்.